ஒரு மேசைக்குள் ஒரு நகரம்: சிறிய ரயில் லேஅவுட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் நகர ரயில் லேஅவுட் (பலகையின் மேல் மாடல் ரயில்கள் ஓடும் குட்டி நகரம்) அமைக்க நினைப்பவர்கள் முதலில் போடுகிற படம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பலகையின் ஓரமாக இரட்டைத் தண்டவாளம் சுற்றி வரும். நடுவில் ஒரு ஜங்ஷன், அதற்கு மேலே பாலத்தில் இன்னொரு பாதை, ஒரு மூலையில் மெட்ரோ சுரங்கம், இன்னொரு மூலையில் ஷெட், மிச்சமிருக்கிற சந்திலெல்லாம் கட்டடங்கள். காகிதத்தில் பிரமாதமாகத்தான் தெரியும். பாதியில் கைவிடப்பட்ட லேஅவுட்டுகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் இந்தப் படம்தான் கிடைக்கும்.

சின்ன இடத்தில் ஒரு நகரத்தின் ஒரே ஒரு துண்டைத்தான் நன்றாகச் செய்ய முடியும். ஒரு ஸ்டேஷன், அதை ஒட்டிய தெரு, பின்னால் ஒரு வரிசைக் கட்டடம், அவ்வளவு போதும். கீழே சொல்லப்போகிற தவறுகளில் பாதி, இதை ஒத்துக்கொண்டாலே தானாக விலகிவிடும்.

எந்தத் துண்டு என்பதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டோக்கியோவின் ஒச்சனோமிசு இதற்கு நல்ல உதாரணம். கண்டா ஆற்றின் கரையில் சூவோ பாதையும் சோபு பாதையும் அடுத்தடுத்து ஓட, அவற்றுக்குக் கீழே மருனோச்சி சுரங்க ரயில் ஒரு நொடி வெளியே வந்து ஆற்றைக் கடந்து மறுபடியும் மண்ணுக்குள் போய்விடும். மூன்று பாதை, ஒரு ஆறு, ஒரு பாலம், எல்லாமே ஒரே பார்வைக்குள். நம் ஊரில் சென்னையின் பறக்கும் ரயிலைச் சொல்வேன். 1995-ல் சேப்பாக்கம் வரையும், 1997-ல் மயிலாப்பூர் வரையும், 2007-ல் வேளச்சேரி வரையும் நீண்ட பாதை அது. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி, தூண்களின் மேல் போகிறது. அதன் ஸ்டேஷன்கள் தண்டவாளத்தையே மூடிக்கொண்டு நிற்கும் பெரிய கான்கிரீட் கட்டடங்கள். லேஅவுட்டுக்கு இது வரப்பிரசாதம். வண்டியின் தலையும் வாலும் ஒரே நேரத்தில் கண்ணில் படாது என்பதால், ஐந்து பெட்டி வண்டி ஓடினாலும் ஒன்பது பெட்டி போலத் தோன்றும்.

அளக்காமல் வாங்குவது

அடுத்த தவறு கடையில் நடக்கிறது. இடத்தை அளப்பதற்கு முன்பே ஒரு செட் வாங்கிவிடுவார்கள்.

அபார்ட்மென்ட் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது ‘என்’ (N) ஸ்கேல். ஸ்கேல் என்பது நிஜ வண்டியை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்குகிறோம் என்ற அளவு. தண்டவாள இடைவெளி 9 மி.மீ. அமெரிக்க, ஐரோப்பிய மாடல்கள் 1:160, ஜப்பானிய மாடல்கள் பெரும்பாலும் 1:150, பிரிட்டிஷ் மாடல்கள் 1:148. எச்ஓ (HO) ஸ்கேல் 1:87, அதன் இடைவெளி 16.5 மி.மீ. கைக்கு அடக்கமாக, விவரங்கள் தெளிவாக இருக்கும், ஆனால் வளைவுக்கே பாதி அறை போய்விடும். இந்திய அகலப்பாதை 1,676 மி.மீ., ஜப்பானின் நகரப் பாதைகள் பல 1,067 மி.மீ. இரண்டுமே 9 மி.மீ.க்குள் சரியாகப் பொருந்தாது. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உலகம் முழுக்க எல்லோரும் இந்தச் சமரசத்தோடுதான் வண்டி ஓட்டுகிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 20 மீட்டர் பெட்டி 1:150-ல் 133 மி.மீ. ஒன்பது பெட்டி என்றால் 1.2 மீட்டர். டோக்கியோவின் யமனோத்தே பாதை வண்டிக்குப் பதினொரு பெட்டி, அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். 180 செ.மீ. நீளப் பலகையில் இரு முனை வளைவுகளும் சேர்ந்து 60 செ.மீ.யைத் தின்றுவிடும். மிச்சமுள்ள 120 செ.மீ.யில் பாயிண்ட்டுகளும் (வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் தண்டவாளப் பிரிவுகள்) உட்கார வேண்டும், பிளாட்பாரமும் வேண்டும். ஆகவே நான்கு, ஐந்து பெட்டிக்கு மேல் ஆசைப்படக் கூடாது. ஐந்து பெட்டிக்கு 67 செ.மீ. பிளாட்பாரம் போதும். வண்டியின் நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள், மற்ற எல்லாமே அதிலிருந்து வரும்.

அகலத்திலும் இதே கதை. காட்டோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாளத்தில் 249, 282 மி.மீ. ஆர வளைவுகளைச் சேர்த்து இரட்டைப் பாதை போடுவது எல்லோரும் செய்வது. 282-ஐ இரண்டால் பெருக்கினால் 564. தண்டவாளத்தின் அடித்தள அகலம் 25 மி.மீ. மொத்தம் 589. பலகை 60 செ.மீ. அகலம் என்றால் பக்கத்துக்கு ஐந்தரை மி.மீ.தான் மிச்சம். அந்த ஓரத்தில் ஒரு வண்டி தடம்புரண்டால் நேராகத் தரைக்குத்தான் போகும். இந்த அகலத்தில் 249 ஒற்றைப் பாதை போடுங்கள், அல்லது ஓரத்தில் அக்ரிலிக் தடுப்பு வையுங்கள்.

சரி, இன்னும் சின்ன வளைவு போடலாமே என்று தோன்றும். 150, 183 மி.மீ. ஆர வளைவுகளும் கடையில் உண்டு. டிராம், குட்டை வண்டிகளுக்கு அவை நல்லவை. நீளப் பெட்டிகளில் சில அதில் ஏறாது, ஏறுகிறவையும் பார்க்க அழகாக இருக்காது. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தின் ஏறக்குறைய இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பலரும் கையாளும் கணக்கு. மூன்று மடங்கு கிடைத்தால் நிம்மதி.

பிளாட்பார முனை

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கட்டி முடித்த பிறகு திருத்துவது ரொம்பக் கஷ்டம்.

வளைவில் போகும் பெட்டி தண்டவாளத்தோடு சேர்ந்து வளையாது. அது நேரான பெட்டி. அதன் இரு சக்கரத் தொகுதிகள் மட்டுமே பாதையின் மேல் இருக்கின்றன. ஆகவே நடுப்பகுதி வளைவின் உட்புறமாகவும், மூலைகள் வெளிப்புறமாகவும் தள்ளிக்கொண்டு போகும். 282 மி.மீ. வளைவில் 20 மீட்டர் பெட்டியின் மூலை ஏறக்குறைய 4 மி.மீ. வெளியே வரும். அந்த ஸ்கேலில் அது 60 செ.மீ.க்குச் சமம். நேர்ப்பாதையில் வண்டிக்கு ஒட்டினாற்போல் பிளாட்பாரம் கட்டி, அதை வளைவு தொடங்கும் இடம்வரை நீட்டினால், கடைசிப் பெட்டி பிளாட்பார விளிம்பை உரசும், அல்லது சிக்கி நிற்கும். பாலத் தூண், சுரங்க வாய், மின்கம்பி கம்பம், சிக்னல் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

தீர்வு எளிது. உங்களிடம் உள்ளதிலேயே நீளமான பெட்டியை எடுத்து, அதன் நடுவிலும் மூலையிலும் பென்சில் முனையைச் செல்லோடேப்பால் ஒட்டி, தண்டவாளத்தின் மேல் கையால் தள்ளிக்கொண்டு போங்கள். காகிதத்தில் இரண்டு கோடு விழும். அந்தக் கோடுகளுக்கு வெளியேதான் எதுவும் நிற்க வேண்டும். பிளாட்பாரத்தை வளைவு தொடங்குவதற்கு ஒரு பெட்டி நீளம் முன்னாலேயே முடித்துவிடுவது இன்னும் நல்லது.

இடப்பக்க வளைவு முடிந்த கையோடு வலப்பக்க வளைவு தொடங்கும் எஸ் வடிவமும் தடம்புரள வைக்கும். நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்ப்பாதை விடுங்கள். ஸ்டேஷன் வாயில், பாயிண்ட்டுகள் குவியும் இடத்தில், இந்த எஸ் நமக்குத் தெரியாமலேயே வந்துவிடும். 1957-ல் சி. ஜே. ஃப்ரீசர் என்ற பிரிட்டிஷ்காரர் வரைந்த மைனரீஸ் திட்டம் இதைச் சமாளித்த விதத்துக்காகவே இன்றும் பேசப்படுகிறது. லண்டன் நகரத்துக்குள் மதில்களுக்கு நடுவே ஒடுங்கிய ஒரு சின்ன டெர்மினஸ். மூன்று பிளாட்பாரப் பாதைகள், வண்டிகள் அதிகம் நெளியாமல் எந்தப் பாதைக்கும் போகும்படி அடுக்கிய பாயிண்ட்டுகள். மறுமுனையில் பார்வைக்குப் பின்னால் வண்டிகளைக் கையால் எடுத்து மாற்றி வைக்கும் யார்டு. சுற்றுப்பாதையே கிடையாது. நகர லேஅவுட் என்றால் வட்டம் சுற்றியே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தத் திட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். சுவரை ஒட்டி 30 செ.மீ. அகலத்தில் இப்படி ஒன்றை முடித்துவிடலாம்.

ஏற்றமும் மறைவும்

கீழே ஒரு பாதை, மேலே ஒரு பாதை என்றால் நடுவில் குறைந்தது 50 மி.மீ. வேண்டும். 3 சதவீத ஏற்றத்தில் 50 மி.மீ. ஏற 167 செ.மீ. பாதை தேவை. இறங்க அதே அளவு. சின்னப் பலகையில் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? ஏற்றத்தைக் கூட்டினால் வளைவில் இன்ஜின் சக்கரம் வழுக்கும். ஆகவே மேல் பாதையையும் கீழ்ப் பாதையையும் இணைக்காமலேயே விடுங்கள். பறக்கும் ரயில் மேலேயே ஓடட்டும், கீழே சாலையும் கால்வாயும் இருக்கட்டும். பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது.

மறைவான பாதைக்குக் கை எட்டாமல் கட்டுவது பலருக்கும் நேர்வது. சுரங்கத்துக்குள் தடம்புரள்வது நிச்சயம் நடக்கும். மேலே இருக்கும் கட்டடங்களை ஒட்டாமல் தூக்கி எடுக்கும்படி வையுங்கள், அல்லது பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். சுவரோரப் பலகை என்றால் 60 செ.மீ.க்கு மேல் ஆழம் வேண்டாம். அதற்கு அப்பால் இருக்கும் பாயிண்ட்டை எட்டிப் பிடிக்கும்போது முன்வரிசைக் கட்டடம் முழங்கையில் போய்விடும்.

பலகை

மலிவாகக் கிடைக்கிறது என்று பார்ட்டிக்கிள் போர்டு வாங்காதீர்கள். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஈரத்தில் ஒரு மழைக்காலம் போதும், அது உப்பிவிடும். 9 மி.மீ. பிளைவுட், அடியில் மரச்சட்டம் எடுங்கள். மேலே, கீழே, ஓரம் எல்லாப் பக்கமும் பெயின்ட்டோ வார்னிஷோ அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும். நிலத்தை உயர்த்த தெர்மாகோல் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் ஸ்பிரே பெயின்ட்டும் சால்வென்ட் பசையும் பட்டால் அது கரைந்து குழியாகும். ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசைதான் சரி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாசல் கதவை அளந்துவிட்டுப் பலகையைத் துண்டாகப் பிரியும்படி செய்யுங்கள். டி-ட்ராக் என்ற முறையில் அடிப்படைத் துண்டு ஒன்று சுமார் 31 செ.மீ. அகலம்தான். சாப்பாட்டு மேசையில் கோத்து ஓட்டிவிட்டு, கழற்றி அலமாரியில் அடுக்கிவிடலாம்.

மின்சாரம்

ஜப்பானிலிருந்து வரவழைப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அந்த நாட்டுக்கான அடாப்டரை நம் சுவர் பிளக்கில் நேராகச் செருகினால் அது எரிந்துபோகும், ஆபத்தும்கூட. அடாப்டரின் மேல் இன்புட் என்று அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். 100 மட்டும் போட்டிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அல்லது அதே அளவு வோல்ட்டும் முனையமைப்பும் உள்ள அடாப்டரை இங்கேயே வாங்குங்கள்.

இன்னொன்று, தண்டவாள இணைப்புத் தகடுகளை மட்டும் நம்பி முழுப் பாதைக்கும் ஒரே இடத்தில் மின்சாரம் கொடுப்பது. புதிதில் நன்றாக ஓடும். சில மாதத்தில் தகடு கறுத்து, தூரத்து மூலையில் வண்டி தள்ளாடும். பலகைக்கு அடியில் தடித்த வயர் ஒன்றை ஓடவிட்டு, மீட்டருக்கு ஒரு இடத்திலாவது மெல்லிய வயரால் தண்டவாளத்தோடு சால்டர் செய்யுங்கள். பாயிண்ட்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் மூக்குப் பகுதி பிளாஸ்டிக்காக இருந்தால், குட்டை இன்ஜின்கள் அங்கே மெதுவாகப் போகும்போது நின்றுவிடும். பீக்கோ போன்ற நிறுவனங்கள் மின்சாரம் பாயும் மூக்கோடும் தருகின்றன. வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள். போன வண்டி அதே பாதையில் திரும்பி வரும்படி வளையம் போட்டால் இடத் தண்டவாளம் வலத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும். அந்த வளையத்தை இரு முனையிலும் மின்சாரத்திலிருந்து துண்டித்து, தனி ஸ்விட்ச் வைக்க வேண்டும்.

காட்டோவின் தண்டவாளத்தையும் இன்னொரு ஜப்பானிய பிராண்டான டோமிக்ஸின் தண்டவாளத்தையும் கலந்து வாங்குவதும் வேண்டாம். இரண்டும் 9 மி.மீ.தான், ஆனால் இணைப்பு வேறு, இரட்டைப் பாதை இடைவெளி ஒன்றில் 33 மி.மீ., மற்றதில் 37.

நகரம் நகரமாகத் தெரிய

கட்டடங்களைப் பலகையின் விளிம்புக்கு இணையாக, ஒரே கம்பெனி கிட்டுகளாக வரிசையில் நிறுத்தினால் கடை அலமாரி போல இருக்கும். தெருவை ஐந்து, பத்து டிகிரி சாய்த்துப் போடுங்கள், உடனே இடம் பெரிதாகிவிடும். பின்வரிசைக்கு முழுக் கட்டடம் தேவையில்லை. 2 செ.மீ. ஆழத்தில் முகப்பு மட்டும் போதும். பத்து மாடி, அதாவது 30 மீட்டர் கட்டடம் 1:150-ல் 20 செ.மீ. உயரம். பலர் நான்கு மாடியோடு நிறுத்திக்கொள்வதால்தான் நகரம் சின்ன ஊராகத் தெரிகிறது. கட்டடம் வாங்குவதற்கு முன் பிஸ்கட் பெட்டி, மருந்துப் பெட்டிகளை அதே உயரத்துக்கு வெட்டி நிறுத்தி, ஒரு வாரம் அப்படியே வைத்துப் பாருங்கள். எது வண்டியை மறைக்கிறது, எது உறுத்துகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும்.

உள்ளே விளக்கு வைப்பதாக இருந்தால் முதலில் உட்சுவருக்குக் கறுப்பு பெயின்ட் அடியுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் சுவர் முழுக்க ஒளிரும். ஆட்டோ ஒன்று 1:150-ல் 17, 18 மி.மீ.தான் வரும். அதைவிடப் பெரிய பொம்மை வண்டியைச் சாலையில் நிறுத்தினால் ஸ்டேஷனே சிறுத்துவிடும்.

கடைசியாக, தண்டவாளத்தைச் சுற்றிக் கொட்டும் ஜல்லி. எல்லாப் பாதையிலும் எல்லா வண்டிகளையும் இரு திசையிலும், மெதுவாகவும் வேகமாகவும், சில வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும். நீர்த்த ஃபெவிகாலில் ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்தால் அது ஜல்லிக்குள் இறங்கும். பாயிண்ட்டின் நகரும் நாக்குப் பகுதியில் மட்டும் ஒரு துளியும் விடாதீர்கள்.

அப்புறம் தூசி. ஓட்டாத நேரத்தில் ஒரு பழைய வேட்டியோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டு மூடுங்கள். தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. அந்தக் கீறல்களில்தான் அழுக்கு சீக்கிரம் தங்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். சக்கரங்களையும் அதே துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் சக்கரத்தில் ஒட்டிய கரி மறுநாளே தண்டவாளத்துக்குத் திரும்பி வந்துவிடும்.