பைத்தான் ஒரு பக்கம், ஆர் ஒரு பக்கமா? நடுவில் உள்ள ஃபைலை மாற்றுங்கள்

டேட்டா அலசும் டீமில் பாதிப் பேர் பைத்தான், மீதிப் பேர் ஆர் (R) நிரல்மொழி என்றால், எது சிறந்தது என்று வாதாடி யாரையும் இழுக்க வேண்டாம். ஆரில் வரைபடம் போடும் ஜிஜிபிளாட்டில் பழகியவருக்கு அதை விட்டு வர மனசு வராது, அது நியாயமும்கூட. இருவருக்கும் நடுவே போய்வரும் ஃபைலைக் கவனியுங்கள்.

பெரும்பாலும் அது சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல். தொல்லையே அங்கேதான். 00742 என்ற அடையாள எண்ணைப் பைத்தானின் அட்டவணைத் தொகுப்பான பாண்டாஸில் திறந்தால் 742 ஆகிவிடும். தேதி வெறும் எழுத்தாக வந்து நிற்கும். நமீபியாவின் நாட்டுக் குறியீடு 'என்ஏ' (NA). அதைப் பாண்டாஸும் சரி, ஆரும் சரி, 'மதிப்பு இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு நாடே கணக்கில் காணாமல் போகும்!

பதிலாகப் பார்க்கே (Parquet) என்ற ஃபைல் வடிவில் சேமியுங்கள். எது எண், எது எழுத்து, எது தேதி என்ற விவரம் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். பைத்தானில் பைஆரோ (pyarrow), ஆரில் ஆரோ (arrow) தொகுப்பு நிறுவினால் போதும். எழுத ஒரு வரி, படிக்க ஒரு வரி. பாண்டாஸை உருவாக்கிய வெஸ் மெக்கின்னியும் ஜிஜிபிளாட்2-ஐ உருவாக்கிய ஹாட்லி விக்கமும் 2016-இல் சேர்ந்து ஃபெதர் என்ற ஃபைல் வடிவத்தைக் கொண்டுவந்தது இதே தேவைக்குத்தான்.

அப்புறம், வரிசை எண்ணைச் சொல்லிப் பேசாதீர்கள். பைத்தான் 0-இலிருந்து எண்ணும், ஆர் 1-இலிருந்து. அடையாளத்துக்கென்று தனி நெடுவரிசை வைத்துவிடுங்கள்.