கட்டடம்தான் முதல் காட்சிப்பொருள்: பழைய கட்டடத்தில் சிறு நூதனசாலை அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புறக்கோட்டை பிரின்ஸ் வீதிக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் அந்த உயரமான தூண்களைப் பார்த்திருப்பார்கள். உள்ளே போனவர்கள் குறைவு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் றீ குடியிருந்த வீடு அது. பிற்பாடு மதகுருமாருக்குக் கல்வி கொடுத்த இடம். பிரித்தானியர் காலத்தில் இராணுவ வைத்தியசாலை, அப்புறம் பொலிஸ் பயிற்சிப் பாடசாலை, கடைசியில் புறக்கோட்டைத் தபால் கந்தோர். 1977இல் திருத்த வேலை தொடங்கி, 1982இல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாகத் திறந்தார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், கெய்மன் கேட் பக்கம், 1873இல் கட்டிய பழைய நகர மண்டபம் இருக்கிறது. 1928இல் மாநகர சபை கறுவாத்தோட்டத்துப் புதிய மண்டபத்துக்குப் போய்விட்டது. பழைய மண்டபம் சந்தையாகி, 1980களில் நூதனசாலையானது.

இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, ‘எங்கள் பாடசாலையின் பழைய மண்டபத்திலும் இப்படி ஒன்று செய்தால் என்ன?’, ‘கோயிலுக்குச் சொந்தமான அந்தப் பழைய மடத்தைச் சும்மா பூட்டி வைப்பதற்குப் பதிலாக நூதனசாலை ஆக்கலாமே’ என்று கேட்கிறவர்கள் கொழும்பில் இப்போது கூடியிருக்கிறார்கள். நல்ல விஷயம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழ்க் குடும்பங்களின் அலுமாரிகளில் இருக்கிற பொருட்களுக்கு ஓர் இடம் வேண்டும்தான். ஆனால் ஆர்வம் கூடும்போது ஒரே மாதிரியான பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவற்றில் சில, பின்னால் எவ்வளவு காசு கொட்டினாலும் சரிசெய்ய முடியாதவை.

ஒரு காலத்தை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பது

முதல் தவறு திட்டம் போடும்போதே நடந்துவிடுகிறது. கட்டடத்துக்கு ‘அசல் உருவத்தை’ திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்று தீர்மானிப்பார்கள். பிறகு வந்த தடுப்புச் சுவர், தபால் கவுண்டர், சுவரில் எழுதிய இலக்கங்கள், பழைய மின் ஆளிகள் எல்லாம் குப்பையாகிவிடும். முந்நூறு வருடக் கட்டடம் ஒன்றில் ஆளுநர் இருந்தது ஐந்து வருடம். அங்கே கடிதம் போட்டவர்கள், மணியோடருக்காக வரிசையில் நின்றவர்கள், முத்திரை குத்தியவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு பேர். ஒரு கட்டடம் தபால் கந்தோராக இருந்ததை நேரில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கலாம். அந்தச் சாட்சியை உடைத்து லொறியில் ஏற்றிவிட்டு, ஆளுநரின் கட்டிலைப் போல ஒன்றைச் செய்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். அளவு போட்ட வரைபடம் ஒன்று கீறுங்கள். சுவரில் பெயின்ட் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பார்க்க ஒரு சிறு சதுரத்தை மட்டும் மெதுவாகச் சுரண்டி, அதை மூடாமல் அப்படியே விடுங்கள். வருகிறவர்கள் அதிகம் நின்று பார்ப்பது அந்தச் சதுரத்தைத்தான்.

இதற்குள்ளேயே இன்னொரு தவறும் இருக்கிறது. கதையை 1948இல் நிறுத்திவிடுவார்கள். ஒல்லாந்தர், பிரித்தானியர், சுதந்திரம், முற்றும். கொழும்பில் அதற்குப் பிறகு நடந்தவை எழுதக் கடினமானவை என்பது உண்மை. ஆனால் 1983 ஜூலையைச் சொல்லாமல் ஒரு கொழும்புத் தெருவின் கடைகள் ஏன் கை மாறின, ஏன் சில வீடுகளில் பெயர்ப்பலகை இல்லாமல் போனது என்பதை விளக்கவே முடியாது. ஊர் வரலாறு சொல்லும் இடம் ஊருக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சீமெந்தும் ஏசியும்

காசு கிடைத்தவுடன் முதலில் நடப்பது பூச்சு வேலை. இங்கேதான் அதிக சேதம். பழைய சுவர்கள் கபொக் எனும் செம்பூரான் கல்லாலும் செங்கல்லாலும் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசியவை. அடியில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படை எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போகும். அந்தச் சுவர்கள் இவ்வளவு காலம் நின்றது அதனால்தான். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை. இன்னும் மேலே ஏறும். நீரில் கரைந்திருக்கும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி அதைத் தள்ளி உதிர்க்கும். சுவருக்குள் செருகியிருக்கிற மர உத்தரங்களின் முனைகள் கண்ணுக்குத் தெரியாமலே உக்கிப் போகும். பிளாஸ்டிக் இமல்ஷன் பெயின்டும் இதே வேலையைச் செய்கிறது. இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் ‘பழைய கட்டடம் என்றால் இப்படித்தான்’ என்று கட்டடத்தைக் குறை சொல்வார்கள்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே பூசுங்கள். காய நாட்கள் எடுக்கும், வேலை தெரிந்த மேசன்மார் குறைவு, செலவும் கொஞ்சம் கூட. இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அடுத்தது ஏசி. காலை ஒன்பது மணிக்குப் போட்டு மாலை ஐந்துக்கு நிறுத்தும் ஏசி, இல்லாததைவிட மோசம். பகல் முழுக்கக் குளிர்ந்து கிடந்த கண்ணாடியிலும் உலோகத்திலும் காகிதத்திலும், ஏசி நின்றதும் கொழும்பின் ஈரக் காற்று வந்து படியும். ஈரப்பதன் நூற்றுக்கு 70ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். கொழும்பில் வெளிக்காற்று பெரும்பாலான நாட்களில் அதைத் தாண்டித்தான் இருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் ஏசி ஓட்டக் காசில்லை என்றால் அதை மறந்துவிடுங்கள். பழைய கட்டடங்களின் உயர்ந்த கூரையும் எதிரெதிர் ஜன்னல்களும் காற்றோட்டத்துக்காக வைத்தவை. அவற்றைப் பலகை அடித்து மூடாதீர்கள். மின்விசிறி போதும். மிக நொய்ந்த நாலைந்து பொருட்களை மட்டும் நன்றாக அடைத்த பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அந்த ஜெல்லை இடைக்கிடை சூடாக்கி உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் அதனால் பயனில்லை. ஈரப்பதன் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி, காலையும் மாலையும் ஒரு கொப்பியில் குறித்து வந்தால் எந்த அறை ஆபத்தானது என்பது ஒரு மழைக்காலத்திலேயே தெரிந்துவிடும்.

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் வந்திருந்தால், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் விசாரியுங்கள். மேசனுக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்பு இதைச் செய்யுங்கள்.

‘வாங்கி வையுங்கோ’ என்று தருவதை அப்படியே வாங்குவது

நூதனசாலை திறக்கப் போகிறது என்ற செய்தி பரவியதும் பொருட்கள் வரும். வெற்றிலைத் தட்டம், கிராமபோன், செட்டியார் தெருக் கடையின் பழைய கணக்குப் புத்தகம், தாத்தாவின் லண்டன் சான்றிதழ், ஏட்டுச்சுவடி. கொண்டு வருபவர் நமக்குத் தெரிந்தவர், காகிதம் எழுதச் சொன்னால் நம்பிக்கையில்லாதது போல ஆகிவிடும் என்று கூச்சப்படுவோம். பத்து வருடம் கழித்து அவருடைய மகள் கனடாவிலிருந்து வந்து ‘அப்பா அதைப் பார்க்கத்தான் தந்தவர்’ என்பார். அப்போது இரண்டு பக்கமும் மனவருத்தம்தான்.

ஒரு பக்கக் கடிதம் போதும். யார் தருகிறார், அன்பளிப்பா இரவலா, இரவல் என்றால் எந்தத் திகதி வரை, படம் எடுத்துப் பிரசுரிக்கலாமா, தம் பெயர் போடலாமா. இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி. பொருளுக்கு ஓர் இலக்கம்: 2025.14.2 என்றால் 2025இல் வந்த பதினான்காவது தொகுதியின் இரண்டாவது பொருள். காகிதப் பொருள் என்றால் இலக்கத்தை மென்மையான பென்சிலால், பின்பக்க மூலையில் எழுதுங்கள். பேனா வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். இலக்கத்தோடு பொருளின் கதையையும் அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் இருந்தது, யார் பாவித்தது, எப்படிக் கொழும்புக்கு வந்தது. கதை இல்லாத வெற்றிலைத் தட்டம் எந்தப் பழைய சாமான் கடையிலும் கிடைக்கும்.

பதிவேட்டின் பிரதி ஒன்றும் ஸ்கான் செய்த கோப்புகளும் வேறொரு கட்டடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றில் இருந்தன. தமிழர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அப்படியிருந்தும் ஒரே கணினியில், ஒரே அலுமாரிக்குள் எல்லாவற்றையும் வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன.

மூலப் பொருளையே தர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறு. கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கலியாணப் படங்களும் காணி உறுதிகளும் 1983இல் வீட்டோடு எரிந்தன. ஒன்றிரண்டு படம் மிஞ்சியிருக்கிற ஒரு வீட்டில் போய் அதையும் கேட்கக் கூடாது. ஸ்கானரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போங்கள், அவர்கள் கண் முன்னாலேயே பிரதி எடுத்துவிட்டுப் படத்தைக் கையில் திருப்பிக் கொடுங்கள்.

நல்லெண்ணத்தில் செய்கிற சேதம்

பழைய காகிதத்தை லமினேட் செய்வது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே காகிதம் தன் பாட்டுக்குப் பழுப்பாகி உடையும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவதும் அப்படித்தான். பித்தளைப் பொருளை பிராசோ போட்டுப் பளபளப்பாக்கினால் அதன் வயதையும் எழுத்து வெட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறீர்கள். புகைப்படத்தையும் துணியையும் ஜன்னல் வெயிலில் தொங்கவிடக் கூடாது. 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே அவற்றுக்கு அதிகபட்சம் என்பது நூதனசாலைகளில் வழக்கமான அளவு.

பூச்சி பிடித்த புத்தகத்துக்கு மருந்து அடிக்காதீர்கள். பொலித்தீன் பைக்குள் காற்றில்லாமல் அடைத்து, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்காமல் விடுங்கள், ஈரம் பைக்கு வெளியே படியட்டும். கண்ணாடி நெகட்டிவ், வர்ணம் பூசிய மரம் ஆகியவற்றுக்கு இந்த முறை ஆகாது. ஏட்டுச்சுவடிக்கு எண்ணெய் பூசும் வேலையையும் நீங்களாகச் செய்ய வேண்டாம், சுவடிகள் நிறைய வைத்திருக்கும் தேசிய நூதனசாலையில் போய்க் கேளுங்கள்.

வாசலுக்கு வெளியே இருப்பவர்களை விட்டுவிடுவது

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் இல்லாமல் ஒரு நாள்கூட அந்த வீதிகள் ஓடாது. அவர்களுடைய கைவண்டியையோ கொக்கியையோ எத்தனை நூதனசாலையில் பார்த்திருக்கிறோம்? ஆளுநர்களுக்கு ஓவியம் இருக்கிறது, நாட்டாமைக்குப் பெயர்கூட இல்லை. சிறிய இடங்கள் இதைத்தான் செய்ய வேண்டும், பெரிய நூதனசாலைகள் செய்யப் போவதில்லை. கட்டடத்தில் கடைசியாக வேலை செய்தவர்கள், எதிரில் தேநீர்க்கடை வைத்திருந்தவர், காவலாளி ஆகியோரைத் தேடிப் போய் ஒலிப்பதிவு செய்யுங்கள். ‘இந்தக் கட்டடத்தின் வரலாறு என்ன?’ என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘காலையில் முதலில் எந்தக் கதவைத் திறப்பீர்கள்?’ என்று கேளுங்கள், தானாக வரும். தமிழும் சிங்களமும் கலந்து பேசினால் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பதிவை யார் கேட்கலாம் என்பதற்கு அவரிடம் முதலிலேயே சம்மதம் வாங்குங்கள்.

கேட்டதை எழுதும்போது கதையையும் சான்றையும் பிரித்து வையுங்கள். தேசிய நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்காரிடம் என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கிரகரி கேட்டதாகவும், வெள்ளிக்கிழமைகளில் அதை மூடி வைத்தால் போதும் என்று அவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அழகான கதை, காட்சியில் இருக்கட்டும், ‘என்று சொல்லப்படுகிறது’ என்ற சொற்களோடு. ஆண்டுக் கணக்கையும் சரிபாருங்கள். கொழும்பின் முதல் மேயராக இரத்தினசோதி சரவணமுத்து வந்தது 1937இல். அவர் மேயராக இருந்த நாற்காலி என்று பழைய நகர மண்டபத்தில் எதையாவது காட்டினால் அது பிழை, சபை அங்கிருந்து போய் அப்போது ஒன்பது வருடம்.

தமிழ் விளக்கப் பலகை கடைசி வாரத்தில், ஆங்கிலத்திலிருந்து, யாரோ ஒருவரால் அவசரமாக எழுதப்படுவது இன்னொரு பழைய வியாதி. அச்சுக்குப் போகுமுன் ஒரு தமிழ் ஆசிரியரும் பாடசாலைப் பிள்ளை ஒருவரும் சத்தமாக வாசித்துப் பார்க்கட்டும். பிள்ளை தடுக்குகிற இடத்தைத் திருத்துங்கள். ஒரு பலகைக்கு ஐம்பது, அறுபது சொல் போதும்.

திறப்பு விழாவுக்கு எல்லாக் காசையும் செலவழிப்பது

மேளம், மண்டபம், பிரதம விருந்தினர், மலர். அடுத்த மாதம் மின் கட்டணம் கட்டக் காசில்லை. கையிலிருப்பதில் ஒரு பங்கை முதலே ஒதுக்கி வேறு கணக்கில் போடுங்கள். வாரத்தில் ஏழு நாளும் திறக்க முடியாவிட்டால் சனி, ஞாயிறு மட்டும் திறவுங்கள், சொன்ன நேரத்துக்குத் திறவுங்கள். பூட்டிய கதவைக் கண்டு திரும்பிப் போன குடும்பம் மறுபடி வராது. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, ஒருவரை ஏற்றிப் பீலியைத் துப்புரவாக்கி உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். அலுமாரிகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, வெளிச்சுவரில் முட்டாமல் தள்ளி வையுங்கள். பழைய வயரிங்கை இலத்திரீசியன் ஒருவரைக் கொண்டு முழுதாகப் பார்ப்பிக்கும் வரை இரவில் பிரதான ஆளியை நிறுத்திவிட்டுப் போகச் சொல்லி, சாவி வைத்திருப்பவரிடம் எழுத்தில் கொடுங்கள்.