1330 குறளுக்கும் ஒரே மூச்சில் எண் போடலாம்

தமிழ் நூல்களை மின்னூலாக்குவதற்குக் கோப்பு தயார் செய்வது என் வேலை. வரிக்கு ஒரு குறளாகத் திருக்குறள் கையில் இருக்கிறது, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அதிகார எண்ணும் குறள் எண்ணும் வர வேண்டும் என்று வையுங்கள். அதைக் கையால் அடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

விண்டோஸில் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டர் இருந்தால் போதும். முதலில் வியூ மெனுவில் வேர்ட் ரேப்பை எடுத்துவிடுங்கள். கோப்பின் கடைசியில் வெற்று வரி கிடந்தால் அதையும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதற்கும் 1331 என்று எண் விழும்.

கண்ட்ரோல், ஹோம் அழுத்திக் கோப்பின் தலைக்குப் போங்கள். எதையும் செலக்ட் செய்யாமல் ஆல்ட், சி அழுத்தினால் காலம் (column) எடிட்டர் திறக்கும். கர்சர் நிற்கும் இடத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் நெடுக்காக அது எழுதிக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் இடது ஓரத்தில்தான் விழும் என்பதால், வலப்பக்கம் நிற்க வேண்டியதை முதலில் போட வேண்டும். முதலில் டெக்ஸ்ட் பெட்டியில் | என்ற கோடு. மறுபடி தலைக்கு வந்து, நம்பர் பகுதியில் தொடக்க எண் 1, கூடுதல் 1, முன்னால் பூஜ்யம். திரும்பவும் ஒரு கோடு. கடைசியாக அதிகார எண்: தொடக்கம் 1, கூடுதல் 1, ரிப்பீட் 10, முன்னால் பூஜ்யம். அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்ற கணக்கை அந்த ரிப்பீட் பெட்டியே பார்த்துக்கொள்ளும். பதினோராவது வரி 002|0011| என்று தொடங்கி, கடைசி வரி 133|1330| என்று நின்றால் எல்லாம் சரி.

பழைய எண்களை நீக்க, அவற்றின் மேல் இடது மூலையில் கிளிக் செய்து, கடைசி வரிக்கு ஸ்க்ரோல் செய்து, ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்தபடி கீழ் வலது மூலையில் கிளிக் செய்து டெலீட் அழுத்துங்கள். நாலைந்து வரிதான் என்றால் ஆல்ட்டைப் பிடித்து மவுஸை இழுத்தாலே போதும். விஎஸ் கோட் என்ற எடிட்டரில் ஷிஃப்ட், ஆல்ட் பிடித்து இழுக்க வேண்டும். விம் எடிட்டரில் இப்படி நெடுக்காகத் தேர்வு செய்ய கண்ட்ரோல், வி.

ஆனால் இந்த வேலையெல்லாம் எண்கள் இருக்கும் இடது ஓரத்தோடு நிற்கட்டும். இலக்கங்கள் ஒரே அகலம். தமிழ் எழுத்துகள் அப்படியல்ல. ‘ர’ ஒடுங்கியது, ‘ணை’ அகன்றது. அதனால் வரிகளுக்கு நடுவில் நெட்டுக்கோடு போட்டு வெட்டினால் ஒரு வரியில் சொல்லின் முடிவிலும் அடுத்த வரியில் சொல்லின் நடுவிலும் வெட்டு விழும். ‘கொ’ என்பது உள்ளே ககரமும் ஒகரக் குறியுமாகப் பிரிந்தே இருப்பதால், குறி மட்டும் தனியாகப் பிய்ந்துபோகவும் வாய்ப்புண்டு. வரிக்கு நடுவே மாற்ற வேண்டியதை ஃபைண்ட், ரீப்ளேஸில் செய்யுங்கள்.