வாரண்டி பில் வெளுத்துப்போகும் முன்…

மிக்ஸி, பிரிட்ஜ் வாங்கும்போது கடையில் தரும் வழவழப்பான பில் பெரும்பாலும் தெர்மல் காகிதம். பிரிண்டரில் மை கிடையாது. சூடு பட்டுத்தான் தாளில் எழுத்து கறுக்கிறது. அதனால் வெயில் பட்டாலோ எண்ணெய்க் கை பட்டாலோ எழுத்து மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யப் போனால் தாள் முழுக்கக் கறுத்துவிடும். பிவிசி கவரில் போட்டு வைப்பதும் நல்லதில்லை. வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாரண்டி அட்டையோடு சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள். செல்போனிலும் படம் எடுத்து, பொருளின் பெயரையும் ஆண்டையும் போட்டுச் சேமித்தால் தேடும்போது சட்டென்று கிடைக்கும்.

கரண்ட் பில் ரசீதை, அடுத்த இரண்டு மாதக் கணக்கில் பாக்கி இல்லை என்று பார்த்ததும் கிழித்துவிடலாம். சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகள் அப்படியல்ல. வீட்டை விற்கும்போதும் வாரிசு பெயருக்கு மாற்றும்போதும் கேட்பார்கள். எவ்வளவு பழசானாலும் எறியாமல், பட்டா, பத்திரம் இருக்கும் ஃபைலிலேயே வையுங்கள்.

கூரியர் கவர், வங்கிக் கடிதம், கடன் தருவதாக வரும் விளம்பரத் தாள் எல்லாவற்றிலும் நம் பெயர், முகவரி, சில சமயம் செல் எண்ணும் இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து போடுங்கள். முக்கியமாக, ஆதார் ஜெராக்ஸ் எதுவும் பழைய பேப்பர் கட்டோடு கடைக்குப் போய்விடக் கூடாது.