மரமேறும் தம்பிகளுக்கு: காசையும் உயிரையும் வாங்கும் சில தவறுகள்

ஒவ்வொரு ஐப்பசிக்கும் சென்னையில் புதிதாக நாலைந்து மரம் வெட்டும் கோஷ்டி முளைத்துவிடும். புயல் எச்சரிக்கை வந்ததும் மொட்டை மாடிமேல் சாய்ந்திருக்கும் கிளையைக் கழிக்க வீட்டுக்காரர்கள் ஆள் தேடுவார்கள். ஆன்லைனில் மரம் அறுக்கும் செயின்சா மெஷின் ஒன்று, மார்க்கெட்டில் ஒரு கட்டுக் கயிறு, வாடகைக்கு ஒரு குட்டியானை வண்டி, தொழில் ரெடி. அந்தப் பையன்கள் வேலை செய்வதை நின்று பார்த்தால், எங்கள் செட்டு ஆரம்பத்தில் அடித்த அதே கூத்து அப்படியே நடக்கும்.

ஹெல்மெட் போடு, செருப்போடு ஏறாதே, சரக்கடித்துவிட்டு மரத்தைத் தொடாதே என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதைச் சொல்லித் தெரியவேண்டிய நிலையில் இருப்பவன் இந்தத் தொழிலுக்கே வேண்டாம்.

சிசியைப் பார்த்து மெஷின் வாங்குவது

கடைக்காரர் வாயைத் திறந்தாலே சிசிதான், அதாவது இன்ஜின் கொள்ளளவு; கூடவே பார், அதாவது செயின் சுற்றி ஓடும் தகட்டின் நீளம். "58 சிசி, 22 இன்ச் பாரு, எந்த மரமா இருந்தாலும் சும்மா இறங்கும்ண்ணே!" இறங்கும், தரையில். விழுந்து கிடக்கும் தூங்குமூஞ்சி அடிமரத்தைத் துண்டு போட அது நல்ல மெஷின்தான். அதையே தோளில் தொங்கவிட்டு முப்பதடி மேலே போகும்போதுதான் வினை. பெட்ரோலும் ஆயிலும் ஊற்றி, பாரும் செயினும் மாட்டினால் ஏழு கிலோவை நெருங்கும். கிளையில் காலைப் பின்னிக்கொண்டு அதைக் கால்மணி நேரம் தூக்கிப் பிடித்தால் தோள்பட்டை விட்டுப்போகும். உடனே ஒரு கை கிளையைப் பிடிக்கப் போகும், மெஷின் ஒற்றைக் கையில் நிற்கும். பார் நுனியின் மேல்பக்கம் எதிலாவது தட்டினால் மெஷின் அப்படியே முகத்தைப் பார்த்து எகிறும். அந்த நேரத்தில் இடது கை முன்பிடியில் இருந்தால்தான் மணிக்கட்டு பட்டு செயின் பிரேக் விழ வாய்ப்பு.

மேலே கொண்டுபோக வேண்டியது தலைமேல் கைப்பிடி வைத்த சின்ன மெஷின். 30, 35 சிசி, 12 இன்ச் பார், மூன்றரை கிலோ அளவில் ஸ்டில், ஹஸ்க்வர்னா இரண்டு கம்பெனியிலும் உண்டு. விலை கடிக்கும். அதையும் இரண்டு கையால்தான் பிடிக்க வேண்டும். ஒற்றைக் கையில் அடங்குகிறது என்பதற்காக ஒற்றைக் கையால் அறுக்கக் கூடாது.

அவ்வளவு காசு இல்லையா? இழுக்கும்போது வெட்டும் வளைந்த கைரம்பம் ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டுப் பருமன் வரை அதுவே போதும். எங்கள் கோஷ்டியில் மேலே நடக்கும் வேலையில் பாதி கைரம்பத்தில்தான். இன்ஜின் சத்தம் இல்லாததால் கிளை 'கிறீச்' என்று வாய் திறப்பது முதலில் நம் காதில் விழும்.

எல்லாவற்றுக்கும் ஒரே கயிறு

என்னை இன்றைக்கும் கோபப்படுத்துவது இதுதான். மெஷினுக்குப் பதினைந்தாயிரம் கொடுப்பான், கயிறு என்றால் லாரியில் தார்ப்பாய் கட்டும் மஞ்சள் கயிறு. காலையில் அதையே இடுப்பில் கட்டி ஏறுவான். பதினோரு மணிக்கு அதே கயிற்றில் கிளையைக் கட்டி இறக்குவான். சாயங்காலம் அதே கயிறு குட்டியானையில் தழைக்கட்டை இறுக்கிக்கொண்டு போகும். மறுநாள் காலையில் மறுபடியும் இடுப்பில்.

அந்த மஞ்சள் கயிறு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். வெயில் அதற்கு ஆகாது. வண்டி மேல் ஒரு கோடை கிடந்தால் மேல் நார் பொடிப்பொடியாக உதிரும், கையில் குத்தும். 165 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். கட்டையைத் தாங்கி ஓடும் கயிறு கவையில் உரசும் இடத்தில் எவ்வளவு சூடேறும் என்பது கையுறை இல்லாமல் ஒருமுறை பிடித்தவனுக்குத் தெரியும்.

சரி, நல்ல நைலான் கயிறே வாங்கினான் என்று வையுங்கள். அப்போதும் ஒரே கயிறு என்றாலோ, இரண்டு கயிறும் ஒரே கவையில் என்றாலோ ஆபத்துதான். மடிப்பாக்கத்தில் ஒரு வேப்பமரம். பக்கத்து வீட்டு ஷீட் மேல் சாய்ந்த கொப்புகளை இறக்க வேண்டும். மேலே இருந்த பையன் கெட்டிக்காரன்தான், ஏற்றத்தில் அணில் மாதிரி. தன் உடம்புக் கயிற்றைப் போட்டிருந்த அதே கவையிலேயே கொப்பை இறக்கும் பாரக் கயிற்றையும் போட்டுவிட்டான். "ரெண்டும் நல்ல கயிறுண்ணே, தாங்கும்" என்றான். கொப்பு அறுந்தது, பாரக் கயிறு சரசரவென ஓடியது, நின்று கிடந்த உடம்புக் கயிற்றின் ஒரே இடத்தில் உரசிக்கொண்டே ஓடியது. ஓடுகிற கயிறு தப்பிக்கும், அதன் சூடு நீளம் முழுக்கப் பரவிவிடும். நிற்கிற கயிறு ஒரே புள்ளியில் வேகும். இறக்கிப் பார்த்தபோது மேல்உறை ஒரு விரல் நீளத்துக்கு உருகி, பளபளவென்று கெட்டியாகி, நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் வாளி மாதிரி சத்தம் கொடுத்தது. உள்நூல் வெளியே தெரிந்தது. அவன் இடுப்பில் தனியாக ஒரு குட்டைக் கயிறு அடிமரத்தைச் சுற்றி மாட்டியிருந்தது, அதனால் ஆள் பத்திரம். அடுத்த வாரம் அதே கயிற்றில் உருகிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டு முடிச்சுப் போட்டு ஏறப் பார்த்தான் பாருங்கள், அங்கேதான் எனக்கு வாய் நின்றபாடில்லை. முடிச்சு விழுந்த இடத்தில் கயிறு தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை இழந்துவிடும்.

இன்னொரு பாதி தவறு கீழே நிற்பவரிடம். துண்டு எவ்வளவு கனம் என்று நம் ஆட்கள் கண்ணால்தான் அளப்பார்கள். கணக்குப் போடுவோம். 40 சென்டிமீட்டர் குறுக்களவு, ஒரு மீட்டர் நீளத் துண்டு. பச்சை மரம் ஏறத்தாழ தண்ணீர் கனம் என்று வைத்தால் 125 கிலோ. கயிறு ஓடும் கப்பியை வெட்டுக்குக் கீழே மரத்தில் கட்டியிருப்போம், அதனால் துண்டு சாய்ந்து இரண்டு மீட்டராவது சும்மா விழுந்த பிறகுதான் கயிறு இழுபடும். கீழே இருப்பவர் பயந்துபோய்க் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார், துண்டு 20 சென்டிமீட்டருக்குள் நின்றது என்றால், கயிற்றில் விழும் இழுப்பு சராசரியாகவே துண்டின் கனத்தைப்போல் 11 மடங்கு, ஒன்றேகால் டன்னுக்கு மேல். கயிறு இரண்டு பக்கமும் இழுப்பதால் கப்பி கட்டிய இடத்தில் கிட்டத்தட்ட அதன் இரட்டிப்பு. அந்த மரத்தில்தான் நம் தம்பி தொங்கிக்கொண்டிருக்கிறான். மரம் ஒரு ஆட்டு ஆட்டும், பல் தந்தியடிக்கும்.

இதற்குச் செய்ய வேண்டியது துண்டைச் சின்னதாகப் போடுவது, கயிற்றை ஓடவிடுவது. வெட்டும் மரத்தின் அடியிலோ பக்கத்து மரத்திலோ இரண்டு மூன்று சுற்று சுற்றி, துண்டு விழ விழக் கயிற்றை விட்டுக்கொடுத்து, தரைக்கு ஆளுயரம் இருக்கும்போது மெல்லப் பிடித்து நிறுத்த வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. இது கேட்க எளிது, கைக்கு வர ஒரு சீசன் ஆகும். அதனால்தான் எங்களிடம் கீழே கயிறு பிடிப்பவர்தான் மூத்தவர், சம்பளமும் ஏறுபவருக்குச் சமம். புதுக் கோஷ்டிகளில் நேற்று வந்த சின்னப் பையனிடம் கயிற்றைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆக, கயிறு இரண்டு. உடம்புக்கு, ஏறுவதற்கென்றே பின்னிய உறைக் கயிறு, 11 முதல் 13 மில்லிமீட்டர். மீட்டருக்கு நூறு ரூபாய்க்கு மேல் போகும், கொடுங்கள். பாரத்துக்கு அதைவிடத் தடியான வேறு கயிறு, வேறு நிறம், வேறு பை. ரெண்டும் ஒரே மூட்டையில் கிடந்தால் ஒரு நாள் மாறிப்போகும். பெட்ரோல், பேட்டரி ஆசிட் பட்ட கயிற்றையும், உள்ளே கட்டி தட்டுப்படும் கயிற்றையும் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடுங்கள். முழுசாக விட்டால் யாராவது எடுத்து மறுபடியும் கட்டுவான்.

பெல்ட்டிலும் இதே கதை. கட்டட வேலைக்கு விற்கும் ஐஎஸ் 3521 (இந்தியத் தர எண்) முத்திரை பெல்ட் விழுகிறவனை முதுகுப்பக்கம் பிடிக்கச் செய்தது. அதில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. நமக்கு வேண்டியது தொடையைத் தாங்கி, இடுப்பில் இரு பக்கமும் வளையம் உள்ளது.

கழிவு ஆயிலும் மழுங்கிய செயினும்

பட்டறையில் கிடைக்கும் கறுப்பு ஆயிலைச் செயினுக்கு ஊற்றுவார்கள். அது ஒட்டாது, சுழற்சியில் தெறித்துப் போய்விடும். அதில் கிடக்கும் இரும்புத்தூள் பாரைத் தின்றுவிடும். தெறிப்பதெல்லாம் நம் சட்டையிலும் தோலிலும்தான். செயின் கூர் பார்க்க ஒரே வழி: செதில் செதிலாக விழுந்தால் சரி, மாவாக விழுந்தால் அரத்தை எடு. மெஷினை அழுத்தித்தான் அறுக்க வேண்டியிருக்கிறது என்றால் அது மெஷின் கோளாறு அல்ல.

மின்கம்பி

லைன்மேன் நேரில் வந்து ஆஃப் செய்து காட்டும்வரை ஏறாதே. பச்சைக் கிளையும் ஷாக் அடிக்கும்.

ஆணி பூட்ஸ்

ஆணியை மரத்தில் குத்திக் குத்தி ஏறும் இந்த பூட்ஸ், வெட்டிச் சாய்க்கப் போகும் மரத்துக்கு மட்டும். தென்னையில் குத்திய ஓட்டையில் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும்.

"மொட்டை அடிச்சிடுங்க"

வீட்டுக்காரர் கேட்பார், புதுப் பையன் சரி என்பான். ஒரு நாளில் முடிந்துவிடும், காசும் முழுசு. மரமோ பட்டினியில் விழுந்து, வெட்டிய இடத்தைச் சுற்றிலும் கற்றை கற்றையாகத் துளிர்விடும். அந்தத் துளிர்கள் பட்டைக்கு அடியிலிருந்து வருபவை, உள்ளே ஆழமான பிடிப்பு கிடையாது. நாலைந்து வருடத்தில் தொடைப் பருமன் ஆகும், அதற்குள் வெட்டுவாய் உளுத்திருக்கும், அடுத்த புயலில் கற்றையோடு பிய்த்துக்கொண்டு கார் மேல் விழும். பாரம் குறைக்க வேண்டுமானால் நீண்ட கொப்பை, அதில் மூன்றில் ஒரு பங்கு பருமனாவது உள்ள பக்கக் கிளை வரைக்கும் குறைத்து நிறுத்துங்கள்.

கிளையைக் கழிக்கும்போது முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி கிளையின் அடிப்பக்கம் ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கனம் போன பிறகு கடைசி வெட்டு. அடிவெட்டு போடாமல் விட்டால் அடிமரத்துப் பட்டை ஓர் ஆள் நீளத்துக்கு உரிந்துகொண்டு வரும். கடைசி வெட்டு, கிளை மரத்தோடு சேரும் இடத்தில் தெரியும் மடிப்புக்கு வெளியே நிற்க வேண்டும். அந்த மடிப்பிலிருந்துதான் மரம் காயத்தை மூடும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்ன விஷயம் இது. தார் பூசுவதால் அழுகல் நிற்காது என்பதும் அவர் காட்டியதுதான். வீட்டுக்காரர் மனத்திருப்திக்குப் பூசிக்கொள்ளட்டும்.

சாய்ந்த மரம்

2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு தெருத்தெருவாகத் தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் இயல்வாகையும் கிடந்தன. விழுந்த மரம்தானே, ஏறவே வேண்டாமே என்று நினைப்பவர்கள்தான் அதில் அடிபடுகிறார்கள். வேரோடு சாய்ந்த மரத்தின் அடியை அறுத்ததும், மண்ணோடு எழும்பி நின்ற வேர்ப்பகுதி அப்படியே பழைய குழிக்குள் திரும்பி உட்காரும். அந்தக் குழிக்குள்ளோ வேருக்குப் பின்னாலோ ஒரு ஆளும் நிற்கக் கூடாது. வளைந்து அமுங்கிக் கிடக்கும் கிளையில் உள்வளைவு அமுக்கத்தில் இருக்கும், வெளிவளைவு இழுபட்டிருக்கும். அமுங்கிய பக்கம் கொஞ்சம் வெட்டிவிட்டு, இழுபட்ட பக்கத்தைச் சிறிது சிறிதாக, ஒதுங்கி நின்றுகொண்டு விடுவியுங்கள்.

முருங்கை

பருத்தாலும் தூணாகாது. ஏணி வையுங்கள்.

விறகுக் கணக்கு

"கூலி கிடையாது தம்பி, மரத்தை எடுத்துக்கோ." இந்த வார்த்தையில் விழாத புதுக் கோஷ்டி இல்லை. கேட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் வேப்பமரம் பத்தாயிரம் ரூபாய் மாதிரிதான் தெரியும். அறுத்த பிறகு நடுவில் பொந்து. முழுசாக இருந்தாலும் மரவாடிக்காரர், "டவுன் மரமா? ஆணி இருக்கும்ப்பா, என் பிளேடு போயிடும்" என்று கையை விரிப்பார். கடைசியில் விறகு விலைக்குத்தான் போகும். மயில்கொன்றை, முருங்கைக்கு அதுவும் இல்லை. தழையை யார் அள்ளுவது என்று பேசாமல் விட்டிருந்தால் குட்டியானை இரண்டு நடை போகும், வாடகை நம் தலையில்.

வாசலில் நிற்பதாலேயே தெருவோர மரம் வீட்டுக்காரருடையது ஆகிவிடாது. அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் அதில் மெஷினை வைத்தால் மாட்டுவது நாம்தான். "நான் பேசிட்டேன், நீ வெட்டு" என்று சொன்னவர் அப்போது ஊரில் இருக்க மாட்டார்.

முதலில் மரத்தைச் சுற்றி வந்து, சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிப் பொந்து இருக்கிறதா பாருங்கள். முசுறுக் கூடும் குளவிக் கூடும் உண்டா என்று மேலே ஒரு பார்வை. பிறகு கட்டை யாருக்கு, தழை யார் அள்ளுவது, அடிக்கட்டை எத்தனை அடி விடுவது, ஓடோ ஷீட்டோ உடைந்தால் யார் கொடுப்பது என்று நாலையும் பேசி வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்பி, "ஓகே" வாங்கிய பிறகு கயிற்றை அவிழுங்கள்.