சப்நெட்டில் முகவரி தீர்ந்துவிட்டதா? இயங்கும் வி.பி.சி.யைப் பெரிதாக்கும் வழி

சர்வர் எழும்ப மறுக்கிறது. பிழைச் செய்தியைப் பார்த்தால் 'இன்சஃபிஷியன்ட் ஃப்ரீ அட்ரசஸ் இன் சப்நெட்' என்கிறது. கொடுக்க ஐ.பி. முகவரி இல்லை, அவ்வளவுதான் விஷயம். அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். மேகத்தில் இந்த நிலை வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் எதையும் நிறுத்தாமல் வலைப்பின்னலை எப்படி விரிப்பது என்று பார்ப்போம். வி.பி.சி. என்பது அந்த மேகத்தில் உங்களுக்கென ஒதுக்கப்பட்ட தனி வலைப்பின்னல்; சப்நெட் அதன் ஒரு துண்டு.

முதலில் ஒரு கசப்பான உண்மை. ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் ஒருமுறை உருவாக்கிய சப்நெட்டின் அளவை மாற்றவே முடியாது. கூகுள் கிளவுடில் இயங்கும் சப்நெட்டையே விரிக்கலாம். பிறகு சுருக்கத்தான் முடியாது. ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் ஒரே வழி, வி.பி.சி.யுடன் இன்னொரு முகவரித் தொகுதியைச் சேர்த்து, அதில் புதிய சப்நெட்களை அமைப்பது. 2017 முதல் இந்த வசதி இருக்கிறது. சேர்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். புதிய தொகுதி வந்திருக்கிறது என்பதைச் சுற்றியுள்ள அத்தனை அட்டவணைகளுக்கும் தெரிவிப்பதில்தான் நேரம் பிடிக்கும்.

மும்பை ரீஜனில் (ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் தரவு மையங்கள் உள்ள வட்டாரம்) ஓர் இணையக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வி.பி.சி. 10.20.0.0/22. அதற்குள் நான்கு /24 சப்நெட்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் ஒன்று குறைந்தால் முகவரிகள் இரட்டிப்பாகும்: /24 என்றால் 256, /22 என்றால் 1,024, /20 என்றால் 4,096.

படி 1: உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா?

வி.பி.சி. கன்சோலில் (ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் இணைய நிர்வாகப் பக்கம்) 'சப்நெட்ஸ்' பக்கத்தைத் திறந்து 'அவைலபிள் ஐ.பி.வி4 அட்ரசஸ்' பத்தியைப் பாருங்கள். ஆளே இல்லாத /24 சப்நெட்டிலும் 251தான் காட்டும். ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து முகவரிகளை ஏ.டபிள்யூ.எஸ். தனக்கென எடுத்துக்கொள்கிறது: /24இல் பார்த்தால் 0 வலைப்பின்னலுக்கு, 1 ரூட்டருக்கு, 2 டி.என்.எஸ்.ஸுக்கு, 3 எதிர்காலத் தேவைக்கு, 255 பிராட்காஸ்டுக்கு (எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது). வி.பி.சி.யில் பிராட்காஸ்ட் வசதியே கிடையாது. ஆனாலும் அந்த முகவரியை விட்டுத் தர மாட்டார்கள்.

அடுத்து, ஈ.சி.2 (மெய்நிகர் சர்வர் சேவை) கன்சோலில் 'நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ்' பக்கத்தில் நிலை 'அவைலபிள்' என்றிருப்பவற்றைத் தேடுங்கள். எந்த இயந்திரத்திலும் பொருந்தாமல் அநாதையாகக் கிடக்கும் இவையும் ஆளுக்கொரு முகவரியைப் பிடித்து வைத்திருக்கும். வேண்டாதவை என்று உறுதியானால் நீக்குங்கள். சில நேரங்களில் இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

படி 2: தொகுதியைத் தேர்ந்தெடுத்தல்

அவசரப்படக் கூடாத இடம் இது. முதல் தொகுதி 10 என்று தொடங்குவதால், 172.16.0.0/12, 192.168.0.0/16 வரம்புகளிலிருந்து எதையும் இதனுடன் சேர்க்க ஏ.டபிள்யூ.எஸ். அனுமதிக்காது. பியரிங் (இரண்டு வி.பி.சி.களை நேரடியாக இணைக்கும் வசதி) மூலம் இணைந்துள்ள வி.பி.சி.களின் முகவரிகளோடும் அலுவலக வலைப்பின்னலோடும் மோதவும் கூடாது. பியரிங் மோதலைக் கன்சோலே தடுத்துவிடும். அலுவலகத்தில் என்ன முகவரி ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. வலைப்பின்னலைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

நமக்கு 10.20.16.0/20 பொருத்தம். காரணம் இருக்கிறது. பழைய தொகுதி, புதிய தொகுதி இரண்டுமே 10.20.0.0/19 என்ற ஒரே வரிக்குள் அடங்கும். இடைப்பட்ட 10.20.4.0 முதல் 10.20.15.255 வரை வேறு யாரும் பயன்படுத்தவில்லை என்றால், ஃபயர்வாலில் இரண்டு விதிகளுக்குப் பதில் ஒன்று போதும்.

படி 3: சேர்த்தல்

'யுவர் வி.பி.சி.ஸ்' பட்டியலில் உங்களுடையதைத் தேர்ந்தெடுங்கள். 'ஆக்‌ஷன்ஸ்' பட்டியலில் 'எடிட் சி.ஐ.டி.ஆர்.ஸ்' (சி.ஐ.டி.ஆர். என்றால் 10.20.0.0/22 போல எழுதும் முகவரித் தொகுதி), அதில் புதிய ஐ.பி.வி4 தொகுதியைச் சேர்க்கும் பொத்தான். 10.20.16.0/20 என்று கொடுத்துச் சேமித்தால் முடிந்தது. இதற்குக் கட்டணம் இல்லை. தவறாகச் சேர்த்துவிட்டாலும், அதில் சப்நெட் எதுவும் உருவாக்காதவரை கழற்றிவிடலாம். முதல் தொகுதியைத்தான் கழற்ற முடியாது.

படி 4: புதிய சப்நெட்கள்

மும்பையில் மூன்று அவைலபிலிட்டி ஜோன்கள் (ஒன்று பழுதானாலும் மற்றவை இயங்கும்படி பிரித்து வைத்த தரவு மையங்கள்). ஜோனுக்கு ஒன்றாக 10.20.16.0/22, 10.20.20.0/22, 10.20.24.0/22 என மூன்று சப்நெட்களை உருவாக்குங்கள். ஒவ்வொன்றிலும் 1,019 முகவரிகள் கிடைக்கும். மிச்சமுள்ள 10.20.28.0/22ஐத் தொட வேண்டாம். அது அடுத்த நெருக்கடிக்கு.

படி 5: ஊருக்கெல்லாம் சொல்லுதல்

வி.பி.சி.க்குள் பழைய சப்நெட்டும் புதிய சப்நெட்டும் பேசிக்கொள்ள 'லோக்கல்' என்ற வழி தானாகவே ரூட் டேபிளில் (எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் அட்டவணை) சேர்ந்துவிடும். மற்றதெல்லாம் உங்கள் பாடு.

புதிய சப்நெட்கள் மெயின் ரூட் டேபிளில் போய் ஒட்டிக்கொள்ளும். இணையத்துக்கு நேரடி வழியில்லாத உங்கள் பழைய 'பிரைவேட்' சப்நெட்கள் வேறு டேபிளில் இருந்தால், இவற்றையும் அங்கே இணையுங்கள். இல்லாவிட்டால் நாட் கேட்வே (இத்தகைய சப்நெட்களுக்கு இணையத்துக்குப் போகும் வாசல்) வழியாக வெளியே போக முடியாது. ஜோனுக்கு ஒரு நாட் கேட்வே வைத்திருப்பவர்கள் அந்தந்த ஜோனின் டேபிளையே கொடுங்கள். மாற்றிக் கொடுத்தாலும் வேலை நடக்கும், ஆனால் ஜோன் தாண்டும் தரவுக்கான கட்டணம் மாதக் கடைசியில் பில்லில் வந்து நிற்கும். நெட்வொர்க் ஏ.சி.எல். (சப்நெட்டின் எல்லையில் நிற்கும் அனுமதிப் பட்டியல்) விஷயத்திலும் இதே கதைதான்: புதியவை டிஃபால்ட் பட்டியலில் சேரும், அது எல்லாவற்றையும் அனுமதிக்கும்.

பிறகு செக்யூரிட்டி குரூப்கள், அதாவது ஒவ்வொரு சர்வருக்கும் யார் வரலாம் என்று சொல்லும் விதிகள். தரவுத்தளத்தின் குரூப்பில் '10.20.0.0/22இலிருந்து 5432 போர்ட்டுக்கு அனுமதி' என்று எழுதியிருந்தால், 10.20.16.9இல் இருக்கும் புதிய சர்வர் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும். பிழை எதுவும் உடனே வராது; நேரம் கடந்து டைம்அவுட் ஆகும். தொகுதியை எழுதாமல் செயலி சர்வர்களின் செக்யூரிட்டி குரூப்பையே மூலமாகக் குறிப்பிட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இப்போதாவது அப்படி மாற்றிவிடுங்கள் என்பது என் கட்சி.

பியரிங்கில் உள்ள எதிர்ப்பக்க வி.பி.சி.யின் ரூட் டேபிளிலும் 10.20.16.0/20க்கு வழி எழுத வேண்டும். போன பாக்கெட் திரும்பி வர அதுதான் பாதை.

படி 6: சர்வர்களைக் கொண்டுவருதல்

இயங்கும் ஈ.சி.2 இயந்திரத்தைச் சப்நெட் மாற்ற முடியாது. புதிதாக எழுப்பத்தான் வேண்டும். ஆட்டோ ஸ்கேலிங் குரூப்பை (தேவைக்கேற்ப சர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) திருத்திப் புதிய சப்நெட்களைச் சேர்த்தால், இனி வரும் சர்வர்கள் அங்கேயும் எழும்பும். அதற்கு முன் புதிய சப்நெட் ஒவ்வொன்றிலும் சிறிய சோதனை இயந்திரம் ஒன்றை எழுப்பி, தரவுத்தளம், வெளி இணையம், அலுவலகம் மூன்றையும் தொட்டுப் பாருங்கள்.

அப்ளிகேஷன் லோடு பேலன்சரை (வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்புவது) மாற்றத் தேவையில்லை. அதே ஜோனில் வேறு சப்நெட்டில் உள்ள சர்வர்களுக்கும் அது வேலையை அனுப்பும். ஆனால் அது குடியிருக்கும் பழைய சப்நெட்டில் குறைந்தது எட்டு முகவரிகளாவது காலியாக இருக்க வேண்டும். அதன் சப்நெட் நிரம்பி வழிந்தால், பழைய சர்வர்கள் சிலவற்றை முதலில் அங்கிருந்து விலக்குங்கள்.