கருப்பன் முடியை வைத்து ஒரு டாலர்: வீட்டிலேயே செய்யும் முறை

கருப்பன் எங்கள் வீட்டில் 11 வருடம் இருந்தான். நாட்டு நாய், வால் நுனி தவிர முழுக் கறுப்பு. போன கார்த்திகையில் போய்விட்டான். புதைப்பதற்கு முன் வால் பக்கம் கொஞ்சம் முடியைக் கத்தரித்து, ஒரு பேப்பரில் மடித்து வைத்தேன். அதில் பாதியை என் அவசரத்தால் வீணாக்கிவிட்டு, மீதியை வைத்துத்தான் ஒரு டாலர் செய்தேன். உங்களுக்கு அந்தப் பாதியும் மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"செத்ததோட முடியைக் கழுத்துல போட்டுக்கப் போறியாடி?" என்று அம்மா முகம் சுளித்தாள். பாட்டிதான், "உன் தொப்புள்கொடியைத் தாயத்துல போட்டு இடுப்புல கட்டிவிட்டேனே, அது மட்டும் என்னவாம்?" என்று கேட்டு வாயை அடைத்தாள். இங்கிலாந்திலும் விக்டோரியா ராணி, 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் அவர் முடி வைத்த நகைகளைப் போட்டுக்கொண்டவர்தான். சரி, வேலைக்கு வருவோம்.

முதல் டாலரில் செல்லத்தின் முடி வேண்டாம்

முதலில் உங்கள் சீப்பில் சிக்கிய முடியைப் பொடியாக வெட்டி, அதில் ஒரு டாலர் செய்து பாருங்கள். அது சரியாக வந்த பிறகே பேப்பர் மடிப்பைப் பிரியுங்கள். முடியின் மேல் ஊற்றி இறுக வைக்கும் திரவப் பிசினான ரெசின் திரும்பக் கடையில் கிடைக்கும், முடி கிடைக்காது.

வாங்க வேண்டியவை

ரெசின் ஒரு பாட்டில், அதை இறுகச் செய்யும் ஹார்டனர் ஒரு பாட்டில் சேர்ந்த எபாக்சி செட், பின்பக்கம் மூடிய, விளிம்பு வைத்த குழி டாலர், நைட்ரைல் கையுறை, கூர்முனை இடுக்கி, பிளாஸ்டிக் கப், ஐஸ் குச்சி, பல் குத்தும் குச்சி. டாலரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ வெள்ளியிலோ வாங்குங்கள். மலிவான கலப்பு உலோகம் வியர்வை பட்டால் கழுத்தில் பச்சை பூசும், நிக்கல் கலந்திருந்தால் சிலருக்கு அரிக்கும். தெரிந்த பத்தர் இருந்தால் ஒரு ரூபாய் நாணய அளவில் வெள்ளியில் குழி டாலர் அடித்துத் தரச் சொல்லலாம்.

யூவி விளக்கில் சில நிமிடத்தில் இறுகும் ரெசினும் கடையில் இருக்கும். நான் முதலில் மாட்டிக்கொண்டது அதில்தான். மேலே கண்ணாடி மாதிரி இறுகிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஓரத்தை நகத்தால் அழுத்தினால் பிசின் கசிகிறது. காரணம் பிறகுதான் புரிந்தது: அந்த ரெசின் இறுக வெளிச்சம் உள்ளே போய்ச் சேர வேண்டும், கறுப்பு முடி அதை மறித்துவிடும். முடிக்கு அடியில் இருப்பது கூழாகவே கிடக்கும். அதனால் அடர்நிற முடி என்றால் இரண்டு பாட்டில் எபாக்சிதான் சரி. அது வெளிச்சத்தை நம்பி இல்லை.

முடியைக் கழுவிக் காய வைப்பது

செல்லம் இன்னும் உங்களோடுதான் இருக்கிறது, வயதாகிவிட்டது என்றால், குளிப்பாட்டிக் காய்ந்த பிறகு வாலிலோ பின்தொடையிலோ இப்போதே கொஞ்சம் எடுத்து வையுங்கள். போய்விட்டது என்றால் சீப்பு, படுக்கைத் துணி, கழுத்துப் பட்டை, சோபா இடுக்கு என்று தேடுங்கள். ஒரு சிட்டிகை போதும்.

முடியில் எண்ணெய்ப் பசை இருந்தால் ரெசின் பிடிக்காது, குமிழியும் ஒட்டிக்கொள்ளும். முடியை டீ வடிகட்டியில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு அலசுங்கள். பிறகு டிஷ்யூ பேப்பரில் பரப்பி, மேலே ஒரு வலைத்துணியைப் போட்டு 2 நாள் காயவிடுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் என்றால், செருப்புப் பெட்டியில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதோடு சேர்த்து டப்பாவில் மூடி வையுங்கள். ஈரம் துளி இருந்தாலும் ரெசின் பால் போலக் கலங்கிவிடும்.

பின்னணி நிறம்

வெள்ளை முடி ரெசினுக்குள் போனதும் கண்ணாடி போலாகி, கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். ஒரே ஒரு முடியைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துப் பாருங்கள். ரெசினில் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். வெளிர் முடிக்குக் குழியின் அடியில் கரும்பச்சையோ கருநீலமோ அக்ரிலிக் பெயின்ட் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். கறுப்பு முடிக்கு வெறும் வெள்ளியே போதும். கருப்பனின் வால் நுனியில் இருந்த நாலைந்து வெள்ளை முடிகள் என் டாலரில் இருக்கின்றன. எனக்குத் தெரியும், மற்றவர் கண்ணுக்குத் தெரியாது.

கலப்பது

ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு உட்காருங்கள். இறுகாத ரெசின் தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் திரும்பத் திரும்ப வரும். பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், தின்னரால் துடைக்காதீர்கள்.

அளவு பாட்டிலில் போட்டிருக்கும். சிலவற்றில் ஒன்றுக்கு ஒன்று, சிலவற்றில் இரண்டுக்கு ஒன்று. அது எடைக் கணக்கா கொள்ளளவுக் கணக்கா என்பதையும் படியுங்கள், இரண்டும் ஒன்றல்ல. ஹார்டனரைக் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்காதீர்கள். கூடினாலும் குறைந்தாலும் கடைசிவரை பிசுபிசுப்புதான். டாலருக்கு வேண்டியது ஒரு ஸ்பூன்கூட இல்லை, ஆனால் அவ்வளவு குறைவாகக் கலந்தால் அளவு தப்பும். 20 மில்லியாவது கலந்து, மீந்ததை ஒரு சிலிக்கான் அச்சில் ஊற்றிவிடுங்கள்.

ஐஸ் குச்சியால் மெதுவாக 3, 4 நிமிடம் கிளறுங்கள். ஓரமும் அடியும் வழித்து வழித்துக் கிளற வேண்டும். மோர் கடைவது மாதிரி கடைந்தால் நுரைதான் மிஞ்சும். கலவையில் தெரிந்த கோடு கோடான கலங்கல் மறைந்து தெளிந்தால் பதம்.

ஊற்றுவது

டாலரில் கொக்கி இருப்பதால் அது மேசையில் சாய்ந்துதான் நிற்கும். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் அழுத்தி மட்டமாக நிறுத்துங்கள்.

இணையத்தில் வரும் வீடியோக்களில் எல்லாம் நீளமுடி நாய்கள். முடியைச் சுருட்டி, பின்னி என்னென்னவோ செய்கிறார்கள். நம் ஊர் நாய்க்கு முடி ஒரு விரற்கடைதான். அதற்கு இரண்டு அடுக்கு முறைதான் நல்லது.

குழியில் பாதிக்கும் குறைவாக ரெசின் விடுங்கள். இன்னொரு மூடியில் ஒரு சொட்டு விட்டு, இடுக்கியால் முடியை நாலைந்தாக எடுத்து அதில் நனையுங்கள். காய்ந்த முடியை அப்படியே போட்டால் அதற்குள் இருக்கும் காற்று விடிய விடியக் குமிழியாக வந்துகொண்டிருக்கும். நனைத்ததைக் குழியில் ஒரே திசையில் படுக்க வையுங்கள், நாய் முதுகில் கையால் தடவிவிட்ட மாதிரி. இந்த வேலைக்கு எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவசரம் வேண்டாம், ஆனால் கப்பில் இருப்பது கெட்டியாகத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். குமிழியைக் குச்சி முனையால் குத்துங்கள்.

மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்துவிட்டு 5, 6 மணி நேரம் விடுங்கள். தொட்டால் பிசுக்கென்று ஒட்டும், ஆனால் ஓடாது என்ற நிலையில், புதிதாகக் கலந்து இரண்டாவது அடுக்கை விளிம்புவரை ஊற்றுங்கள். கடைசியாக ஒரு சொட்டு அதிகம் விட்டால் நடுவில் லேசாக மேடு தட்டி, லென்ஸ் மாதிரி முடியைப் பெரிதாக்கிக் காட்டும். அதற்கு மேல் ஒரு சொட்டு விட்டால் வழிந்துவிடும், இதையும் செய்து பார்த்துவிட்டேன்.

24 மணி நேரத்தில் கைக்கு இறுகிவிடும். ஆனால் முழுதாக இறுக 3 நாள் ஆகும், அதுவரை செயினில் கோக்காதீர்கள். ஓரத்தில் வழிந்திருந்தால் 400, 800, 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, வரிசையாகத் தேயுங்கள். உலர்வாகத் தேய்த்தால் தூசி நுரையீரலுக்குப் போகும்.

அஸ்தியை வைப்பவர்கள், மெல்லிய சல்லடையில் சலித்துக் கடுகளவு கலந்தால் போதும். அதிகமானால் சிமெண்ட் நிறம்தான் வரும்.

ரசாயனமே வேண்டாம் என்றால் பாட்டி வழி இருக்கிறது: வெள்ளித் தாயத்தில் காய்ந்த முடியை அடைத்து, மூடியை அரக்கு வைத்து ஒட்டித் தரச் சொல்லுங்கள். பற்ற வைக்கக் கூடாது என்று பத்தரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சூட்டில் முடி கருகிவிடும்.

ரெசின் டாலரைக் குளிக்கும்போது கழற்றுங்கள். சென்ட், சானிடைசர் அடித்தபிறகு போடுங்கள். வெயிலில் நாளாக நாளாக மஞ்சளாகும். சித்திரை வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் விட்டால் இளகி, நகம் பட்டாலே தடம் விழும். மீந்த முடியைப் பூச்சி அரிக்கும், அதனால் பேப்பரில் மடித்து இறுக்கமான டப்பாவில் வையுங்கள். என்னிடம் இன்னும் அரைச் சிட்டிகை இருக்கிறது, கருப்பனின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில்.